தனியாக இருப்பதற்கான சான்று

ப்ளம் ஃபோர்க், நெப்ராஸ்கா
பிப்ரவரி 6

அன்புத் தங்கை வெர்லாவுக்கு, அண்ணன் ஆர்லோ எழுதுவது.

நான் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை க்ளிஃபும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதை எழுத்தில் தந்தால் இன்னும் நிம்மதி, ஏனென்றால் எழுத்தில் இல்லாததை நம்பும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. எங்கள் போலீஸ் நிலையத்தில் மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேர் ஊரைக் காக்கிறார்கள்; நான் கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து அவர்கள் காத்ததற்குச் சான்று சேர்க்கிறேன். நாங்கள் ஒழுங்கான போலீஸ்தான் என்று வெளியூர் ஆணையம் ஒன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் தருகிறது. அதற்கு நூற்றெண்பது விதிகள். ஒவ்வொரு விதிக்கும் எழுதிய கட்டளை வேண்டும், அதன்படி நடந்ததற்கு வருடா வருடம் சான்றும் வேண்டும். பூட்டுக்குச் சாவி இருந்தால் போதாது, சாவியை யார் எப்போது எடுத்தார் என்று கையெழுத்து இருக்க வேண்டும்.

இதில் நூற்று நாற்பத்திரண்டாம் விதி என் கழுத்தைப் பிடித்தது. தனியாக வாழ்பவர்கள் பெயர் கொடுத்தால், தினமும் காலை ஏழு மணிக்கு நிலையத்திலிருந்து கூப்பிட்டு நலம் கேட்க வேண்டும். எடுக்காவிட்டால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். நூலகத்திலும் தேவாலயத்திலும் நோட்டீஸ் ஒட்டினேன். ஒரு பெயர்கூட வரவில்லை. காலொடிந்து கிடந்தாலும் ‘பரவாயில்ல, சமாளிச்சுக்கிறேன்’ என்பவர்கள்தானே நம் ஊர்க்காரர்கள். வருடம் முடியப்போகிறதே என்று, உன் அண்ணி பானியை அடக்கம் செய்த மறு வருடம், வீட்டில் நான் ஒருவன்தானே என்று என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் ரோவீனா ஏழு மணிக்குக் கூப்பிடுகிறாள். “ஆர்லோ, இருக்கீங்களா?” “இருக்கேன்மா.” “சரி, வச்சிடறேன்.” முதலில் இவ்வளவுதான். பிறகு பனி எவ்வளவு விழுந்தது, அவள் நாய்க்கு ஏன் வயிறு சரியில்லை என்று நீண்டது. ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்ததில் மணி கேட்கவில்லை. துண்டோடு வெளியே வந்தால் பின்கதவு உடைந்து கிடக்கிறது, சமையலறையில் நம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். கதவு போனாலும் அதைவிட நல்ல சான்று என் வாழ்நாளில் கிடைத்ததில்லை, படம் எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

போன வாரம் ஜார்ஜியாவிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். லாட்டிமர் என்று ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. நூற்று நாற்பத்தொன்று வரைக்கும் தலையாட்டினார். அடுத்ததைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

“பட்டியல்ல ஒரே பேரு. அதுவும் ஃபைல் போட்டவரோட பேரு. இது சான்றா, ஜோடனையா?”

“மேடம், நான் நெஜமாவே தனியாத்தான் இருக்கேன்.”

“வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல காட்டுங்க.”

இருபத்தாறு வருடமாக மற்றவர்களிடம் நான் சொல்லிவந்த வசனம் அது. வீட்டுக்கு வந்தார். பாத்திரத் தொட்டியில் ஒரே கோப்பை, மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளில் ஒன்று மட்டும் தூசியில்லாமல் இருப்பது, எல்லாம் குறித்துக்கொண்டார். காரியம் கைகூடுகிற நேரத்தில் பக்கத்து வீட்டு ஹாவ்லிக் அம்மாளை விசாரித்தார். அந்தப் புண்ணியவதி என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “இவருக்கென்ன கொறச்சல்? சாயங்காலமானா வீடு நெறைய ஆளுங்க, ஒரே பேச்சும் சிரிப்புமா இருக்கும்” என்று சொல்லிவிட்டார். அது டிவி, வெர்லா. நான் அதை அணைப்பதில்லை.

இப்போது நான் தனியாள்தான் என்பதற்கு நெருங்கிய உறவினரின் ஒப்பம் கேட்கிறார்கள். இத்துடன் படிவம் இணைத்திருக்கிறேன்: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் நான் என் அண்ணனோடு தொலைபேசியில் பேசவில்லை.’ உண்மைதானே, கையெழுத்துப் போடுவதில் உனக்குச் சங்கடம் வேண்டாம். தப்பு என்னுடையது. பானி போன புதிதில் நீ இரண்டு தடவை கூப்பிட்டாய், கோப்பு வேலை இருக்கிறதென்று இரண்டு தடவையும் நான்தான் வைத்துவிட்டேன். பதினான்காம் தேதிக்குள் படிவம் வராவிட்டால் அந்த விதியில் தோல்வி. தோற்றால் காலை அழைப்பையே நிறுத்திவிடுவதாக எங்கள் சீஃப் குபிசெக் சொல்லிவிட்டார். ஏழு மணிக்கு மணி அடிக்காத வீட்டில் நான் எதற்காக எழுந்திருப்பது என்று தெரியவில்லை. ஆகையால் தயவுசெய்து அதுவரை என்னைக் கூப்பிட்டுவிடாதே. ஒரு தடவை பேசினாலும் படிவம் பொய்யாகிவிடும்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதற்கேற்ப நீயே கூட்டிச் சொல்லிவிடு.

உன் அண்ணன்,
ஆர்லோ ஹக்ஸ்டாட்
அங்கீகாரப் பொறுப்பாளர்

பி.கு.: உறையில் படிவத்தைத் தேடாதே, நான் வைக்கவில்லை. மூன்று தடவை வைத்து மூன்று தடவையும் எடுத்துவிட்டேன். அங்கீகாரம் போனால் போகட்டும். பழைய நம்பர்தான், வெர்லா. கூப்பிடு, இந்தத் தடவை நான் வைக்க மாட்டேன்.