ஊரணி வெட்டிய தாத்தாக்கள்

மந்திரியே வந்தாலும் செருப்பைக் கழற்ற வைக்கக்கூடிய ஒரே ஆள், நாரணாபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்க் குடிநீர் ஊரணியின் காவல்காரர்தான். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கரையில் கால் வைப்பவரைப் பார்த்து "கழத்து!" என்று அதட்டுவார். அதனால் கழத்து அண்ணாச்சி.

பட்டாசுக் கம்பெனி விட்டு வருகிறவர்களின் கையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்கும். அண்ணாச்சி வாளியும் சோப்புமாக வழிமறிப்பார். முழங்கைவரை கழுவிக் காட்டினால்தான் குடத்தை முக்க விடுவார்.

"ஏலே, ஒங்க தாத்தா வெட்டுன ஊரணி இது! மருந்துக் கையை வைக்கலாமா?"

எனக்கும் இதையேதான் சொன்னார். என் தாத்தா வெயிலுக்குப் பயந்து வாசல் தாண்டாதவர். ஆனாலும் பெருமை தாங்காமல் நான் இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்ததும் வந்தது வினை. ஊரணியை மூடிவிட்டு லாரி நிறுத்தலாம் என்று யாரோ மனுக் கொடுக்க, அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கழத்துங்க சார்."

"மூடப்போற ஊரணிக்கு எதுக்குய்யா கழட்டணும்?"

"இன்னும் மூடலையே சார்."

அதிகாரி முறைத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். சித்திரை வெயிலில் கரை மண் சுட்டது. காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, கூடி நின்ற எங்களிடம் கேட்டார்: "இதை வெட்டினது யாரு? ரெக்கார்டுல ஒண்ணுமில்லை. உரிமை கொண்டாட ஆளில்லைன்னா மூடிரலாம்."

"எங்க தாத்தா!" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"அதுக்கு முந்தியே எங்க தாத்தா வெட்டியாச்சு!" என்றாள் பட்டாசுக்குத் திரி வெட்டும் மாரியம்மா.

அவ்வளவுதான். ஊரே ஆளுக்கொரு தாத்தாவை மண்வெட்டியோடு இறக்கியது. வெட்கத்தை விட்டு நானும் என் தாத்தாவை இறக்கினேன்.

"இத்தனை பேர் வெட்டியிருந்தா இது கடலாகியிருக்குமேய்யா!" என்றார் அதிகாரி. மூட வேண்டாம் என்று எழுதிவிட்டு, ஷூவைக் கையில் பிடித்தபடியே ஜீப்பில் ஏறினார்.

அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்தேன். "நெசமா யாரு அண்ணாச்சி வெட்டுனது?"

"எனக்கென்ன தெரியும்? நானே பொழைக்க வந்தவன். எங்க தாத்தா வெட்டலை, அது மட்டும் நிச்சயம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அவருடைய வாளியை நிரப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊரணிக்குப் போனேன். அண்ணாச்சி தளர்ந்துவிட்டார். ஆனாலும் வாளியும் சோப்பும் பக்கத்திலேயே இருந்தன. இதை யார் வெட்டியது என்று அவள் கேட்டாள்.

"இந்தா உக்காந்திருக்காகள்ல, இந்தத் தாத்தாதான்" என்றேன்.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். புதுச் செருப்போடு அவள் கரையேறி ஓடினாள். கழத்து என்று சொல்ல மறந்துவிட்டார் மனிதர்.