பசி மேடம் நடத்திய பலாக்கொட்டைச் சண்டை

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். பசி மேடத்திடம் மட்டும் "சாப்டாச்சுங்க" என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்தக் குடும்பத்தில் சாப்பாடு போதவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க, அரசு ஊழியர்களான எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் அவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு ஹாலில் பயிற்சி. பட்டுப்புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. வணக்கம் சொன்னால், "நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?" என்பார். மாவட்ட அதிகாரிக்கும் அதே கேள்விதான். அவர் கம்மிய குரலில், "உப்புமா" என்றார்.

"யாரு செஞ்சாங்க?"

"நான்தாங்க."

மேடம் துக்கம் விசாரிப்பவர்போலத் தலையாட்டினார்.

முதல் நாள் மதியம் ஆளுக்கு ஒரே கரண்டி சோறு. மறுசோறு வரவேயில்லை. அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி நேரத்தை ஓட்டினோம். பிறகு மேடம், அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக எழுப்பினார்.

"சாப்பாடு போதுமா இருந்துச்சா?"

"திருப்திங்க மேடம்."

வயிறு எல்லோருக்கும் கேட்க இரைந்துகொண்டிருந்த மூர்த்தி அண்ணன்கூட, "கொஞ்சம் அதிகம்தான் மேடம்" என்றார்.

"அப்போ இந்த ஹால்ல யாருக்கும் பசியில்ல. சம்பளம் வாங்குற நீங்களே மேலதிகாரி முன்னாடி வாயத் தொறக்கல. புருஷனும் பக்கத்து வூட்டுக்காரங்களும் பாத்துகினு இருக்கறப்ப ஒரு பொம்பள உங்ககிட்ட சொல்லிடுவாங்களா?" என்றபடி பின்கதவைத் திறந்தார். அங்கே அண்டா நிறையச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் பக்கத்திலிருந்த வடக்குத்து கிராமத்தில் கணக்கெடுப்பு. நான் போன வீட்டில் ஒரு பெண்ணும் அவரைச் சுற்றிப் பாதித் தெருவும். காண்ட்ராக்ட் வேலை நின்றுபோயிருந்த கணவர் முந்திக்கொண்டார்: "எங்களுக்கு ஒரு குறையும் இல்லங்க."

'குறையில்லை' என்றே எழுதப்போனேன். அப்போது வாசலில் மேடத்தின் குரல் கேட்டது.

"பலாக்கொட்டையப் போய் சாம்பார்ல போடுவாங்களா?"

பண்ருட்டிக்குப் பக்கத்தில் நின்று இப்படிக் கேட்டால் விடுவார்களா?

"எங்க ஆயா காலத்துலேந்து போட்டுகினு இருக்கோம், நீங்க யாருங்க கேக்கறதுக்கு?"

மேடம் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார். பாதித் தெருவும் அவரோடு நகர்ந்தது. கணவரும் நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டார். தேரை ஒற்றை ஆளாக இழுத்துப் போவதுபோல இருந்தது. நான் வாய்பிளந்து நின்றேன்.

உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

"வூட்ல யாருங்க கடைசியா சாப்புடறது?" என்றேன்.

அந்தப் பெண் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான்தாங்க. புள்ளைங்களுக்குப் போட்டுட்டு, இருந்தா சாப்புடுவேன். இப்பல்லாம் இருக்கறதில்ல." என் கையிலிருந்த தாளைப் பார்த்து, "எழுதுனா எதுனா உதவி வருமாங்க?" என்றார்.

"வாக்கு குடுக்க முடியாதுங்க. ஆனா இந்தப் பக்கம் பசியே இல்லன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

"அப்டின்னா எழுதிக்கோங்க."

திரும்பும் வண்டியில் மேடத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"அது அந்தம்மா உங்களை நம்பிச் சொன்னது. எனக்கு வேணாம்."

ஜன்னலில் தலை சாய்த்து அப்படியே தூங்கிப்போனார். மெதுவாக ஓட்டும்படி டிரைவரின் தோளைத் தொட்டேன்.