மாவக்காவும் அத்துமீறல் வழக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து மாதிரி இன்னொரு சந்து இருக்கலாம். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைவதை மூச்சு விடுவதுபோலச் செய்த மாவக்கா மாதிரி இன்னொருவர் இருக்க முடியாது. காற்றுகூட எங்கள் ஜன்னலில் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே வரும். மாவக்கா தயங்கியதில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, சந்து முனையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றார். அதனால் மாவக்கா. இயற்பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். காலையில் தூக்குவாளியோடு வருவார். வாசலில் நின்று கூப்பிடும் வழக்கமெல்லாம் இல்லை, நேரே சமையலறைதான். மாவை ஊற்றிய கையோடு, அடுப்பில் கொதிப்பதைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். பிறகு தீர்ப்பு.

"மீனு ஏற்கெனவே செத்துத்தான வந்துச்சு? நீ எதுக்கும்மா மறுபடியும் கொல்லுத?" என்று என் மனைவியிடம் ஒருநாள் கேட்டார். அன்று முழுக்க என் மனைவி பேசவில்லை, என்னிடம்.

எதிர்வீட்டு மலையாளிக் குடும்பத்தில் பெண் பார்க்க வந்திருந்தபோதும் அப்படித்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார், பாயசத்தை ருசி பார்த்தார், வெளியே வந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பெண்ணு நல்ல பெண்ணு. பாயசம் வேண்டாம்" என்றார். யாரோ மூத்த அத்தை என்று நினைத்து அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். கல்யாணம் நடந்தது. போட்டோவில் முன்வரிசையில் மாவக்கா.

இந்தச் சந்துக்குத்தான் திருப்பூணித்துறையிலிருந்து ஒரு வங்கி மேனேஜர் குடிவந்தார். ஓய்வு பெற்ற தமிழர். மனைவி காலமானபின் பெரிய வீட்டை மகனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். கேட்டில் காலிங்பெல், அதன் கீழே 'மணியடித்துவிட்டுக் காத்திருக்கவும்' என்று ஒரு பலகை. பாக்கெட் மாவு வாங்கி, அதை மாவக்காவின் கடையைத் தாண்டியே எடுத்துப்போவார். அக்கா அதைப் பொறுத்துக்கொண்டார். சாம்பாரைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் காலை மேனேஜர் சார் வீட்டிலிருந்து புளியின் பச்சை வாசனை தெருவரைக்கும் வந்தது. அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்தார். கேட்டின் கொண்டியை நீக்கினார். உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார்.

"சாரே, இது சாப்பிட வெச்சதா, பாத்திரம் தேய்க்க வெச்சதா?"

மேனேஜர் சார் துண்டோடு நின்றிருந்தார். அக்கா போனதும் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவமதிக்கும் நோக்கத்தோடு வீட்டில் அத்துமீறி நுழைந்தார் என்று புகார். பழைய சட்டத்தில் அதற்கு நானூற்று நாற்பத்தெட்டு என்று பேர். புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டது, குற்றம் மாறவில்லை. ஜெயில்வரை போகலாம் என்று யாரோ சொல்ல, சந்தே கலங்கிப்போனது.

"தம்பி, நீயும் கூட வா" என்றார் அக்கா. "எனக்கு மலையாளம் தெரியும். ஆனா அது யாவாரத்து மலையாளம். கேசுக்கு நம்ம பாஷதான் சரி."

எஸ்.ஐ. ஓர் இளம்பெண். பொறுமையாக மலையாளத்தில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். "சும்மா நுழைஞ்சா மட்டும் இந்தக் குற்றம் ஆகாது சேச்சி. பயமுறுத்தவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ நினைச்சு நுழையணும். நீங்க அப்படி நினைச்சா போனீங்க?"

இல்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் முடிந்தது. அக்கா நேர்மையாக யோசித்தார்.

"நுழையுதப்ப இல்ல தாயி. புளி கொதிக்கலியேன்னு கவலதான் இருந்துச்சு. ருசி பாத்தப்புறந்தான் அந்த எண்ணம் வந்துச்சு."

எஸ்.ஐ. பேனாவைக் கடித்தார். "அந்த எண்ணம் வந்ததும் வெளியே போயிட்டீங்களா? அந்த எண்ணத்தோட உள்ளேயே நின்னாலும் குற்றம்தான்."

"எப்படிப் போக முடியும்? அடுப்புல சாம்பார் இருக்குல்லா. நல்லாக் கொதிக்க விட்டு, பெருங்காயம் போட்டு, இறக்கி வெச்சிட்டுத்தான் வந்தேன்."

இதை அப்படியே மொழிபெயர்ப்பதா என்று நான் தவித்தேன். அதற்குள் அக்காவே மலையாளத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

எஸ்.ஐ. மேனேஜர் சார் பக்கம் திரும்பினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது என் மனைவியோட சாம்பார். அவள் போனதிலேர்ந்து வெச்சு வெச்சுப் பாக்கறேன், வரலை. அன்னிக்கு முதல் தடவையா கொஞ்சம் பக்கத்துல வந்தாப்ல இருந்தது. அப்பத்தான் இவங்க வந்து, பாத்திரம் தேய்க்கவான்னு கேட்டாங்க."

மாவக்கா தலையைக் குனிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது சாரே. தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், பொய் வரவில்லை போலிருக்கிறது, நிறுத்தினார். "தெரிஞ்சிருந்தாலும் உள்ள வந்திருப்பேன். வார்த்தையத்தான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்." பிறகு என்னிடம், "எண்ணம் இருந்துச்சுன்னே அந்தப் பிள்ளைய எழுதிக்கிடச் சொல்லு தம்பி. அதுக்கு என்ன உண்டோ வாங்கிக்கிடுதேன்" என்றார்.

மேனேஜர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இவங்க இறக்கி வெச்ச சாம்பாரைச் சாப்பிட்டுட்டுத்தான் புகார் கொடுக்க வந்தேன்."

"எப்படி இருந்தது?" எஸ்.ஐ. சட்டத்தை மறந்து கேட்டுவிட்டார்.

"அவள் வெச்ச மாதிரி இல்லை. ஆனா மறுபடியும் போட்டுண்டேன்."

புகார் வாபஸானது. இனி மணியடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எஸ்.ஐ. போட்ட நிபந்தனை. மறுநாள் அக்கா மணியடித்தார், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சமையலறையில் இருந்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் தினமும் விசாரணைதான். "வீட்டம்மா மல்லிய எதுல வறுப்பாக சாரே, தேங்காயெண்ணெயிலயா?" என்று அக்காவின் குரல். "வறுக்கறப்போ வாசனை வாசல்வரைக்கும் வரும். அவ்வளவுதான் தெரியும்" என்று அவர் குரல். வெந்தயம் கூடியது, வெல்லம் குறைந்தது, சந்து முழுக்கத் தோற்றுப்போன சாம்பார்கள் விநியோகமாயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மணியடிக்காமல், கூப்பிடாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் மேனேஜர் சார் எங்கள் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். என் தட்டில் தானே ஊற்றினார். "இதுதான். இதேதான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. என் மனைவி ஒரு தட்டைக் கழுவி அவருக்கும் சோறு போட்டாள்.

பின்னாலேயே வந்த மாவக்கா அன்றைக்கு எங்கள் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜர் சார் பிசைந்து சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். எனக்கு அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கூச்சமாக இருந்ததால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றேன்.