எழவு வீட்டில் எழுதிய வம்சாவளி

தாத்தா பெயர் தெரியாமல் ஒருவன் சாப்பிடலாம், தூங்கலாம், நெய்வேலியில் வேலைகூடப் பார்க்கலாம். பெண் கேட்கத்தான் போக முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சுரங்கத்தில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் இடப்பக்கத்து வீட்டார் திருநெல்வேலி, வலப்பக்கத்து வீட்டார் பாலக்காடு. யாருக்கும் யார் தாத்தாவையும் தெரியாது. எந்த ஷிப்ட் என்று தெரிந்தால் போதும். மந்தாரக்குப்பத்து மளிகைக்கடைக்காரர் மகள் கஸ்தூரியை எனக்குப் பிடித்துப்போனதும்தான் வில்லங்கம் வந்தது. (தினமும் அங்கே தீப்பெட்டி வாங்கினேன். நான் பீடி பிடிப்பதில்லை.) அவள் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க எங்களுக்குப் பங்காளியா, மாமன் மச்சானான்னு தெரியணுங்களே. மூணு தலைமுறை எழுதிக்கினு வாங்க."

பங்காளி என்றால் கஸ்தூரி எனக்குத் தங்கை முறை. அதோடு கதை முடிந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வளர்ந்தது தாய்மாமன் வீட்டில். அம்மாவைக் கேட்டேன். "மாமனாரு பேரை நான் வாயால சொல்லுவனா? சாமி பேருடா," என்றாள். எந்தச் சாமி என்று நிதானமாகக் கேட்கும் புத்தி எனக்கு இல்லை. வம்சம் சொல்லும் பெரியவர் ஒருவர் வேட்டியும் துண்டும் கேட்டார். எனக்கோ எல்லாம் இலவசமாக வேண்டும்.

அந்த வாரமே அப்பாவின் ஊரான வளையமாதேவியில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துக்கத்துக்கு நான் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன்.

பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். தலைவிரி கோலமாக ஒரு அம்மாள் மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். "பூவராகன் பேத்தி நான், கோவிந்தன் மக நான்" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதார். இவ்வளவு சத்தமாக அழுபவர் பெரியப்பாவின் கூடப்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அப்படியானால் கோவிந்தன் என் தாத்தா, பூவராகன் கொள்ளுத்தாத்தா. யாரிடமும் விசாரிக்கவில்லை. சொந்த அத்தையையே தெரியாதா என்று கேட்டுவிட்டால் மானம் போகுமே!

ஆபீஸில் கழித்துப்போட்ட வரைபடத் தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதினேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். கஸ்தூரியின் அப்பா படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"கோவிந்தன் எங்கப்பாருங்க. பூவராகன் எங்க தாத்தாங்க. எங்கப்பாருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்தது எனக்கே இன்னிக்கித்தான் தெரியுது. பொண்ணு உங்களுக்குத் தங்கச்சி ஆவுது. காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி."

கதவுக்குப் பின்னால் டம்ளர் விழுந்தது. கஸ்தூரிதான். அம்மா இல்லை இல்லை என்று தலையாட்டியதை நான் கவனிக்கவே இல்லை. அவ்வளவு அழகான கையெழுத்தில் என் கல்யாணத்தை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து வளையமாதேவியில் வாழ்க்கைப்பட்ட கஸ்தூரியின் அத்தை வந்தார். துக்கத்தில் ஊருக்கே கேட்க அழுத அதே அம்மாள். என்னைப் பார்த்ததும் மோவாயில் கை வைத்தார்.

"நோட்டு வச்சிக்கினு கிறுக்கிக்கினு இருந்த ஆளு நீங்கதானா? எலெக்சனுக்குப் பேரு எழுத வந்தவருன்னு நெனச்சேன்! செத்தவரு எங்க தெருக்காரரு, அவ்ளோதான். நான் எங்கப்பனை நெனச்சி அழுதங்க. எழவு வூட்டுல செத்தவங்களுக்கா அழுவாங்க? அவங்கவங்க வூட்டு எழவுக்குத்தான் அழுவாங்க."

கஸ்தூரியின் அப்பா என் அம்மாவிடம் திரும்பினார். "உங்க மாமனாரு பேரு என்னாங்கம்மா?"

அம்மா சுவரில் தொங்கிய காலண்டரில் மயில்மேல் உட்கார்ந்திருந்தவரைக் கையால் காட்டினாள்.

"முருகனா? வளையமாதேவி முருகன் வூடா? அட, மொறை சரியாத்தானே வருது!"

ஒரு காலண்டரில் முடிந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி. கல்யாணம் நடந்தது. ஆனால் நான் ஏதாவது தெரிந்தவன்போலப் பேச ஆரம்பித்தால் போதும், கஸ்தூரி பேரப்பிள்ளைகள் முன்னாலேயே என்னை "அண்ணே" என்று கூப்பிடுவாள்.

பல வருஷம் கழித்து அந்த அத்தையும் இறந்தார். பெண்கள் வட்டம் கட்டி அழத் தொடங்கியதும் எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படுத்திருந்தது அத்தை, நான் அழுதது முகம்கூட நினைவில்லாத என் அப்பாவுக்கு. கஸ்தூரி பக்கத்தில் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, காதோரமாகச் சொன்னாள்:

"நல்லா அழுங்க. பேரை மட்டும் சத்தமா சொல்லாதீங்க அண்ணே. எவனாவது நோட்டோட உக்காந்திருப்பான்."