பூதத்துக்கு உள்ளே யார்?

“ஞாயித்துக்கிழமை விழாவுக்கு அந்தப் பூதத்தை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க” என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னதும் அரைப்பக்கம் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

அரைப்பக்கம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சினிமாப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக நாலு வருஷம் ஓட்டியாகிவிட்டது. மனுஷர் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதிப் பக்கம்தான் அச்சாகும், மீதிப் பாதியில் தலைவலித் தைல விளம்பரம் வரும். இந்த மாதம்தான் முதன்முறையாக முழுப் பக்கம் கிடைத்தது. நாவலிலிருந்து படமான மாயாஜாலக் கதைகளில் மறக்க முடியாத பத்து நடிப்புகள் என்று பட்டியல் போட்டார். முதலிடம் குகைப் பூதத்துக்கு.

அந்தக் காட்சி அப்படி. தான் வளர்த்த சிறுமியை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பூதம் குகை வாசலில் நிற்கும். வசனம் கிடையாது. முழுசாக ஒரு நிமிஷம் இமை கொட்டாது. அப்புறம் இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு. தலை மெல்ல மெல்லச் சாயும். அவ்வளவுதான், தியேட்டரே மூக்கை உறிஞ்சும். அரைப்பக்கம் மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதார். நாலாவது தடவைக்கு மனைவி கூட வர மறுத்துவிட்டாள்.

வம்பு அங்கே இல்லை. படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் பூதத்தின் பெயரையே காணோம். பக்கம் அச்சுக்குப் போகிற நேரம், நாலு வரி இடம் வேறு மிச்சம். விட்டால் தைலக்காரன் அதிலும் வந்து உட்கார்ந்துவிடுவான். அரைப்பக்கம் துணிந்து எழுதிவிட்டார்: ‘நான் நடிக்கவே இல்லை, சும்மா நின்றேன் என்று நம்மிடம் மனம் திறந்தார் அந்த அபூர்வக் கலைஞர். பெயர் வெளியிட விரும்பவில்லை.’

கலைஞராவது, திறந்தாராவது! எல்லாம் அவர் கைச்சரக்கு.

கடிதங்கள் வந்து குவிந்தன. பூதத்துக்கு விருது கொடுத்தே தீருவதென்று ஆசிரியர் முடிவு கட்டினார். விழா நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். “கதை விட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா இன்னிக்கே வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா?”

“ஞாயித்துக்கிழமை போகும்.”

வேலை போகும் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே அந்த முகமூடிக்குள் இருந்தது யார் என்கிற கேள்வி அவரை அரித்தது. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, எந்நேரமும் அதே நினைப்பு. அப்படி அழத் தெரிந்த ஒரு மனுஷன் எந்தத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறானோ?

இயக்குநரின் உதவியாளரைப் போனில் பிடித்தார். பூத வேஷம் முப்பது கிலோ, உள்ளே கொதிக்கும், அதனால் ஆளை மாற்றி மாற்றிப் பதினொரு பேரை நுழைத்தோம், எந்த நாளில் எவர் என்று குறித்து வைக்கவில்லை என்றார் அவர். பாவம், பதினொரு போன் நம்பரையும் கொடுத்தார்.

அரைப்பக்கம் செய்த தப்பு, விருது இருக்கிறதை முதலிலேயே சொன்னது. பதினொரு பேரும் “அது நான்தான்” என்றார்கள்.

சரி, சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஆசிரியர் வெளியே போகிற நேரமாகப் பார்த்து அத்தனை பேரையும் ஆபீஸுக்கு வரவழைத்தார். கூட்ட அறையில் வரிசையாக நிறுத்தி, இமை கொட்டாமல் ஜன்னலைப் பார்த்து ஒரு கண்ணில் மட்டும் அழச் சொன்னார். ஒருத்தருக்கும் ஒரு கண்ணோடு நிற்கவில்லை. உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் தேம்பித் தேம்பி அழ, அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது.

கதவு திறந்தது. மறந்து வைத்த குடையை எடுக்க வந்த ஆசிரியர், பதினொரு தடியர்கள் ஜன்னலைப் பார்த்து அழுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“யாருங்க இவங்க?”

“பூதத்தோட… குடும்பம் சார். அண்ணன் தம்பிங்க. விருதுன்னதும் தாங்க முடியலை.”

ஆசிரியரின் கண்ணும் கலங்கியது. குடும்பம் மொத்தத்துக்கும் முன்வரிசையில் இடம் போடச் சொல்லிவிட்டுக் குடையை மறுபடி மறந்துவிட்டுப் போனார்.

இனிப் பின்வாங்க வழியில்லை. பதினொரு பேரில் ஒருவரைப் பூதமாக்கியாக வேண்டும், பாக்கிப் பத்துப் பேர் அண்ணன் தம்பிகளாக வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். விழாச் சாப்பாடு உண்டு என்றதும் பத்துப் பேர் இறங்கி வந்தார்கள்.

மிஞ்சியவர் சண்டைக் காட்சிகளில் மாடியிலிருந்து குதிக்கிறவர். சோதனையில் அவர் மட்டும்தான் சத்தமில்லாமல் அழுதார். அன்றைக்குப் படப்பிடிப்பிலும், கட்டிக் கொடுத்த மகளை நினைத்துக்கொண்டுதான் நின்றதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அரைப்பக்கத்துக்கு அது போதும். கிடைத்துவிட்டான் அந்த மனுஷன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. பூதத்தின் தலையை மேடையில் வைக்க வேண்டுமென்று, படத்தில் உடைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாள் அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். திரையில் காட்சி ஓடியது. ஊசி விழுந்தால் கேட்கும். குதிக்கிறவர் விருதை வாங்கிக்கொண்டு மகளைப் பற்றி நாலு வார்த்தை பேச, முன்வரிசை அண்ணன் தம்பிகள் நிஜமாகவே அழுதார்கள். ஆசிரியர் மைக்கைப் பிடுங்கி, அரைப்பக்கத்தின் வேலை இன்றோடு நிரந்தரம், இனி மாதாமாதம் முழுப் பக்கம் என்று அறிவித்தார்.

மேடையோரம் நின்ற அரைப்பக்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் அந்த அரிப்பு முழுசாக அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற உடை அம்மாளிடம் மெதுவாகக் கேட்டார். “அந்தக் காட்சி எடுக்கும்போது நீங்க அங்கதானே இருந்தீங்க? உள்ள இருந்தது இவர்தானே?”

அம்மாள் திரையையும் விருதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உள்ள யாரு தம்பி இருந்தா? எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க, வெளிச்சம் நல்லாயிருக்குன்னு கேமராக்காரர் மட்டும் எதையோ எடுத்துட்டிருந்தாரு. வேர்வை நாத்தம் தாங்கலைன்னு நான்தான் பூதத்தை அலசி, குகை வாசல்ல கம்புல காயப் போட்டிருந்தேன்.”