பூசணிக்கொல்லைத் தரகர்

முகூர்த்த நாளில் திருத்தணி மலைமேல் நடக்கிற கல்யாணங்களைவிட அதிகமான கல்யாணங்களை ஒரே காலையில் நடத்திவைத்தவர் உலகத்திலேயே எங்கள் தரகர் ஒருவர்தான். மணப்பெண்கள் அத்தனை பேரும் பூசணிப் பூக்கள். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வர நான்தான் காரணம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுபதுகளில் நான் திருத்தணியில் ஒரு பூச்சிமருந்துக் கடைக் குமாஸ்தா. பூசணி இலையை வண்டு தின்கிறது என்று கடைக்கு வந்த அவரிடம், பெரிய மேதை மாதிரி, "விடியற்காலையில பனி ஈரத்தோட தூவுங்க, தூள் நல்லா ஒட்டும்" என்றேன். ஒட்டியது. இலையில், வண்டில், அந்நேரம்தான் விரிந்த பூவில், பூவுக்கு வந்த தேனீயின் முதுகில்.

பத்தாம் நாள் என் மேஜைமேல் ஒரு வெற்றிலையைப் பிரித்தார். உள்ளே செத்த தேனீக்கள். கூடவே வெம்பி உதிர்ந்த பிஞ்சுகள்.

"மருந்து நல்லா வேல செய்துங்க சார். வண்டு செத்துச்சி. இதுங்களும் செத்துச்சி. பிஞ்செல்லாம் கொட்டிகினு இருக்குது. இது காய்க்கலன்னா நெலத்த அக்கா வூட்டுக்கார பாவாகிட்ட வுட்டுட்டு, நான் அரக்கோணத்துல மூட்ட தூக்கத்தான் போவணும்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ஈ பண்ண வேலய நீங்க பண்ணுங்க. நாளைக்கு விடிய வந்துடுங்க."

போனேன். பட்டுத்துண்டு கட்டிக்கொண்டு நின்றார். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினார்.

"மெதுவா சார்! பொண்ணு பயந்துக்கும்."

"ஒரு மாப்பிள்ளைக்கு எத்தனை பொண்ணு?"

"மூணு. போலீசு கொல்லைக்கு வராது."

பதிமூன்றாவது பூவில் அலறினார். "இந்த மாப்ள எந்தக் கொடி?"

"இதே கொடிதான்."

"அட பாவி சார்! அண்ணன் தங்கச்சிக்குக் கட்டி வெச்சிட்டீங்களே!"

பக்கத்துக் கொடியிலிருந்து வேறு மாப்பிள்ளை கொண்டுவந்து மறுமணம் முடித்தேன். எனக்கே முப்பத்திரண்டு வயதாகியும் பெண் அமையவில்லை என்றேன். தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கஷ்டம்தான் சார்" என்றார்.

இருபது நாள் இரண்டு பேரும் முதுகொடியக் குனிந்தோம். பாதிக் கொல்லைதான் காய்த்தது, நிலம் தப்பியது. கூலி கேட்காமல், கெட்டிமேளம் இல்லாமல், ஒரு பூச்சி செய்துகொண்டிருந்த வேலை அது. பிறகு கடைக்கு வந்தவர்களிடம், "தூவியே ஆகணும்னா பொழுது சாயட்டும், பூ மூடட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி முறைத்தார்.

தரகர் மருந்தே வாங்கவில்லை. வண்டைக் கையால் பொறுக்கினார். அடுத்த போகத்தில் ஒரு காலை, பூவோடு குனிந்த என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அசையாதீங்க சார்."

ஒரு தேனீ பூவுக்குள் இறங்கியது. உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து அடுத்த பூவுக்குப் போனது.

"இனிமே நமக்கு இங்க வேல இல்ல, சார்" என்றார். ஆனால் என் முழங்கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.