கத்தவே மாட்டோம் என்று நான் எழுதிய பக்கம்

ஒரு விஷயத்தை ஒரே வாரம் ஆன்லைனில் படித்தவனைவிட ஆபத்தான ஆள் கிடையாது. ஒரு வருஷம் படித்தவனுக்குச் சந்தேகம் வரும். பத்து வருஷம் படித்தவனுக்குப் பயமே வந்துவிடும். ஒரு வாரக்காரனுக்கு இரண்டும் வராது. நான் ஒரு வாரக்காரனாக மலேசியாவின் ஈப்போ நகரில் உலவிய காலத்தில்தான் என் அக்கா கணவரின் பிழைப்பில் கை வைத்தேன்.

கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, "இனி டிஜிட்டல் மார்க்கெட்டிங்தான்" என்று வீட்டில் அறிவித்திருந்தேன். அம்மா ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒருவருக்காவது உருப்படியாக வேலை செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கமுந்திங். என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர் அக்கா கணவரான மாமா.

மாமா கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். அவரிடம் பழகியவர்கள் அநேகமாக முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் எடுத்துவிடுவார்கள். ஒரே குறை, கத்துவார். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த தண்டல். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை ஆட்களின் பெயரையும் மைக் இல்லாமல் கூப்பிட்டவர். தோட்டம் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன. குரல் மட்டும் பேரனிடம் பத்திரமாக இருந்தது. (கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் பக்கத்துக் காரில் இருப்பவர் பிரேக் போடுவார்.) புதிதாகக் கற்க வருகிறவர்கள் இரண்டாம் நாளே காணாமல் போனார்கள்.

"மாமா, கவலைய விடுங்க. ஸ்ப்ளிட் டெஸ்ட் போட்டுரலாம்" என்றேன்.

"டெஸ்டுலாம் அரசாங்கம்தானே போடும்?"

விளக்கினேன். போனில் விளம்பரத்தைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏ என்ற பக்கத்தையும், மீதிப் பேருக்கு பி என்ற பக்கத்தையும் காட்ட வேண்டும். எதில் அதிகம் பேர் பெயர் பதிகிறார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிட வேண்டும். மாமா தலையை ஆட்டினார். என்ன எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏ பக்கத்தில், "முதல் முயற்சியிலேயே லைசென்ஸ்" என்று எழுதினேன். பி பக்கத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமே? "கத்தவே மாட்டோம். கத்தினால் அன்றைய வகுப்பு இலவசம்" என்று எழுதிவிட்டு, என் திறமையை நானே மெச்சி ஒரு தே தாரேக் குடித்தேன்.

ஏ பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் பதிந்தார்கள். பி பக்கத்தில் குவிந்தார்கள். பேராக் மாநிலத்தில் இத்தனை பேர் கத்தலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாகான் செராயிலிருந்துகூட ஒரு அம்மா, "உண்மையாவே கத்த மாட்டாங்களா?" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

மாமாவுக்கு அக்கா பி பக்கத்தை வாசித்துக் காட்டினாள். வாசித்து முடிப்பதற்குள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா மச்சான் இது? என் வாயைக் கட்டி வச்சிருக்க! உடனே தூக்குலா!" மாமா கத்தினார்.

"டெஸ்ட் நடுவுல இருக்கு மாமா. பாதியில நிறுத்துனா கணக்குப் பிசகிரும். ஒரே வாரம்!"

அன்று நான் மசிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மசியவில்லை. மாமாவின் மாணவர் பட்டியலில் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஏ பக்கத்து ஆட்களுக்குச் சிவப்பு, கத்தலாம். பி பக்கத்து ஆட்களுக்குப் பச்சை, கத்தக் கூடாது. ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கப் பின்சீட்டில் நானும் போவதாக ஏற்பாடு. (சம்பளமில்லாத மேற்பார்வையாளர். கையில் குறிப்பேடு வேறு.)

சனிக்கிழமை காலை கோப்பெங்கில் இரண்டு பெண்கள் சாலைப் பயிற்சிக்குக் காத்திருந்தார்கள். பரமேஸ்வரி அக்காவும் அவர் கணவரின் தங்கை லலிதாவும். ஒரே வீடு, இரண்டு போன். அண்ணி பார்த்தது பி பக்கம், நாத்தனார் பார்த்தது ஏ பக்கம். பட்டியலில் பச்சையும் சிவப்பும் அடுத்தடுத்து இருந்ததை நான் கவனித்தேன். அது எவ்வளவு பெரிய வெடி என்பதுதான் உறைக்கவில்லை.

முதலில் லலிதா ஓட்டினார். மாமா நாள் கணக்காக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் இறக்கினார்.

"கிளட்ச்சு! கிளட்ச்சுன்னா இடது காலு! சிம்பாங்ல நிக்காம எங்க போற, கல்யாண வீட்டுக்கா?"

பிறகு பரமேஸ்வரி அக்கா உட்கார்ந்தார். சிம்பாங்கில், அதாவது சந்திப்பில், அவரும் நிற்கவில்லை. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் வெளியே வந்த குரல் குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். "பரவால்லைமா. அடுத்த சிம்பாங்ல நின்னுக்கலாம். வெரி குட்."

என் பக்கத்தில் இருந்த லலிதா நிமிர்ந்தார். "மாஸ்டர்! நானும் அதே தப்புதானே செஞ்சேன்? அண்ணிக்கு மட்டும் வெரி குட்டா?"

"அவங்க பச்சைமா. நீ சிவப்பு" என்றார் மாமா அப்பாவியாக.

"என்னா பச்சை, சிவப்பு?"

பரமேஸ்வரி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பேஜ்ல கத்த மாட்டோம்னு போட்டிருக்கே. உனக்குப் போடலயா?" என்று கேட்டு, சாலையை விட்டுவிட்டு முழுதாகப் பின்னால் திரும்பினார்.

கார் மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. அங்கே லோங்காங். எங்கள் ஊரில் சாலையோரச் சாக்கடைக்கு அதுதான் பெயர். மாமா பதறவில்லை. தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, "அம்மா, முன்னால பாருங்க. பெலான் பெலான், மெதுவா... அழகா ஒரு பிரேக்கு" என்று தாலாட்டினார். அவரும் மிதித்தார், பரமேஸ்வரி அக்காவும் மிதித்தார். கார் நிற்கத்தான் போனது.

"ஐயோ லோங்காங்! லோங்காங்!" என்று அலறினேன்.

தண்டல் பரம்பரையே தோற்றுப்போகும் அலறல். அதிர்ச்சியில் பிரேக்கிலிருந்த இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் எழுந்தன. முன் சக்கரம் ஒன்று சாக்கடைக்குள் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. என் குறிப்பேடு மட்டும் ஜன்னல் வழியாகப் பறந்துபோய்த் தண்ணீரில் மிதந்தது.

பிறகு பரமேஸ்வரி அக்கா நிதானமாகப் போனை எடுத்தார்.

"மாஸ்டர் கத்தல. ஆனா இங்க 'மாட்டோம்'னு போட்டிருக்கு. மாட்டோம்னா எல்லாரும்தானே? இந்தத் தம்பி கத்திட்டாரு. இன்னிக்கு வகுப்பு ஓசி."

"எனக்கும்தான். நான் ரெண்டு பேரோட கத்தலையும் கேட்டிருக்கேன்" என்றார் லலிதா.

அந்த வழியாக வந்த செம்பனை லாரிக்காரர் ஒருவர் கயிறு கட்டிக் காரை இழுத்துவிட்டார். நான் முட்டிவரை சேற்றில் நின்று தள்ளினேன். ஈப்போ திரும்பும்வரை மாமா ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. அதற்குத்தான் எனக்கு உதறியது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஒரு வாரம் முடிய இன்னும் எத்தன நாளு?" என்று மட்டும் கேட்டார்.

கமுந்திங் பஸ் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. அன்று மாலையே இரண்டு பக்கங்களையும் தூக்கினேன். கோப்பெங்குக்குப் போய் அந்த இரண்டு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்டு, "நீங்களா இருந்தா என்னா எழுதுவீங்க?" என்று விசாரித்தேன். பரமேஸ்வரி அக்கா யோசிக்கவே இல்லை.

"உள்ளத எழுது தம்பி. மாஸ்டர் சத்தம் போடுவாரு, ஆனா லோங்காங்ல விழுந்தாகூடப் பதற மாட்டாருன்னு போடு."

அப்படியே போட்டேன். ஒரே பக்கம், ஒரே வாக்குறுதி. அதற்கு வந்தவர்கள் இரண்டாம் நாளும் வந்தார்கள், மூன்றாம் நாளும் வந்தார்கள். அம்மா தவணையை நீட்டித்தார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே நாளில் லைசென்ஸ் எடுத்தார்கள். நான் இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். விளம்பரம் எழுதும் முன்பு, வேலையைச் செய்யப்போகிறவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டுகிறேன்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா, "மாப்பிள்ள குணம் எப்படி?" என்று மாமாவைக் கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ரெண்டு பேஜு இருக்குங்க. உங்களுக்கு எது தெறந்துச்சு?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் நான் எதற்காவது சத்தியம் செய்தால் அவள் கையைக் கட்டிக்கொண்டு, "இது ஏவா, பியா?" என்று கேட்கிறாள்.